நெகிழ்வான பணிநேரம் கொடுப்பது எப்படி: ரோஸ்டர் போடுபவளின் குறிப்புகள்

"டீமில் யாருக்கும் உற்சாகமே இல்லை. ஃபிளெக்ஸி டைம் கொடுத்துப் பார்க்கலாமா?" புதிதாக டீம் லீடர் ஆனவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். பணி அட்டவணை, அதாவது ரோஸ்டர், போடுவது என் வேலை. போனில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்பவர்கள், பில்லிங் பார்ப்பவர்கள், கிடங்கில் பொருள்களைப் பொதிந்து அனுப்புபவர்கள் என்று மூன்று விதமான ஆட்களுக்கும் யார், எப்போது, எங்கே என்பதை நான்தான் எழுதுகிறேன். ஒரு கட்டத்துக்குள் நான் "காலை 6" என்று போட்டால், ஒரு வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கு யார் கொண்டுபோய் விட வேண்டும் என்பதெல்லாம் அந்த நொடியில் முடிவாகிவிடுகிறது. அந்தப் பொறுப்பு எனக்கு எப்போதும் பெரிதாகவே தெரிகிறது.

அந்தக் கேள்விக்கு என் பதில்: கட்டாயம் கொடுங்கள். ஆனால் உற்சாகம் வந்துவிடும் என்று எதிர்பார்த்துக் கொடுக்காதீர்கள். ஆட்கள் தலைவலி இல்லாமல் வேலைக்கு வந்துபோகக் கொடுங்கள். உற்சாகத்துக்குத் தனியாக உழைக்க வேண்டும். இரண்டையும் எப்படிச் செய்வது என்று நான் பின்பற்றும் வழியைச் சொல்கிறேன்.

நிம்மதி வேறு, உற்சாகம் வேறு

பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1950களில் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் உட்கார வைத்துப் பேசினார். வேலையில் மிகவும் சந்தோஷமாக இருந்த சமயம் எது, மிகவும் வெறுத்துப்போன சமயம் எது என்று கேட்டார். சந்தோஷத்துக்குச் சொன்ன காரணங்கள் ஒரு பக்கம் திரண்டன: ஒன்றைச் சாதித்தது, அதை யாராவது கவனித்துச் சொன்னது, வேலையே பிடித்திருந்தது, பொறுப்பு கையில் வந்தது. வெறுப்புக்கான காரணங்கள் வேறு பக்கம் நின்றன: கம்பெனி விதிகள், மேலதிகாரியின் போக்கு, சம்பளம், வேலைச் சூழல். இரண்டாவது பட்டியலைச் சரிசெய்தால் புகார் நிற்கும், அதனாலேயே ஆர்வம் பிறந்துவிடாது என்பது 1959இல் அவர் வெளியிட்ட முடிவு.

பணிநேரம் பெரும்பாலும் அந்த இரண்டாவது பட்டியலில்தான் வருகிறது. காலை 9 மணிக்குள் விரல் ரேகை வைக்காவிட்டால் அரைநாள் லீவு என்ற விதியை எடுத்துவிட்டால் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். சில மாதங்களில் அது வழக்கமாகிவிடும். நெகிழ்வு நேரம் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1999இல் வெளியான ஒரு தொகுப்பாய்வும் இதையே காட்டியது. நல்ல பலன்கள் உண்டு, ஆனால் நாள் போகப்போக அவை தேய்கின்றன. இன்னொன்றும் அதில் இருக்கிறது. எல்லையே இல்லாத நெகிழ்வைவிட அளவான நெகிழ்வு அதிகம் பலன் தந்திருக்கிறது. என் அனுபவமும் அதுதான். "எப்போது வேண்டுமானாலும் வாங்க" என்று சொன்ன டீம்களில்தான் யார் எப்போது இருப்பார்கள் என்று தெரியாமல் சண்டை வந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஹெர்ஸ்பெர்க் வரைந்த எல்லையை நான் கொஞ்சம் தாண்டுவேன். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் என்ற உளவியலாளர்கள் இருவரும் மனிதருக்கு உள்ளிருந்து ஊக்கம் வர மூன்று தேவை என்றார்கள்: தன் முடிவைத் தானே எடுப்பது, ஒன்றில் திறமை கூடுவதை உணர்வது, மற்றவர்களோடு ஒட்டுதல். இதில் முதலாவது பணிநேரத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளது. நான் ஒருவருக்கு "நீங்க இனிமேல் 11 மணிக்கு வரலாம்" என்று எழுதிக் கொடுத்தால் அது இன்னொரு உத்தரவு. "காலை 8 முதல் 11 வரை போன் பக்கம் இரண்டு பேர் இருக்கணும், யார் யார் என்று நீங்க நாலு பேரும் பேசிச் சொல்லுங்க" என்றால் முடிவு அவர்கள் கைக்குப் போகிறது. ரோஸ்டரில் எழுதியது ஒன்றாகவே இருந்தாலும் இரண்டாவது வழியில் வந்ததை அவர்கள் காப்பாற்றுவார்கள்.

முதல் வேலை: தனித்தனியாகக் கேளுங்கள்

கருத்துக்கணிப்புப் படிவம் அனுப்பாதீர்கள். "வீட்டிலிருந்து வேலை வேண்டுமா?" என்று படிவத்தில் கேட்டால் முக்கால்வாசிப் பேர் வேண்டும் என்றுதான் டிக் அடிப்பார்கள். எதற்கு என்பது அதில் வராது.

பில்லிங்கில் ஒரு பெண் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை கேட்டு எழுதியிருந்தாள். கூப்பிட்டு உட்கார வைத்து, "வாரத்தில் எந்த நேரம் உனக்குக் கையைப் பிசைய வைக்குது?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் மேடம். அப்பாவுக்கு பிசியோதெரபி. நாலரைக்குக் கிளம்பினாத்தான் முடியும். இங்கே ஆறு மணி. ஒவ்வொரு தடவையும் வேற யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கு."

"மற்ற நாள்?"

"மற்ற நாள் ஆபீஸ்தான் எனக்குப் பிடிக்கும். வீட்டில் தனி ரூம் கிடையாது."

அவளுக்குத் தேவைப்பட்டது வாரத்தில் இரண்டு நாள் ஒன்றரை மணிநேரம். அந்த இரண்டு நாளும் காலை 7.30க்குத் தொடங்கினாள், 4.30க்குக் கிளம்பினாள். யாருடைய வேலையும் கூடவில்லை. படிவத்தை நம்பி நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை என்று கொடுத்திருந்தால் அவளுக்கும் கஷ்டம், டீமுக்கும் கஷ்டம்.

நான் எல்லோரிடமும் மூன்று கேள்வி கேட்பேன். வாரத்தில் எந்த மணிநேரம் உங்களை இழுத்துப் பிடிக்கிறது? நாளின் எந்தப் பகுதியில் உங்கள் வேலை நன்றாக ஓடுகிறது? எந்த வேலைக்கு இன்னொருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்? மூன்றாவது கேள்வி மிக முக்கியம். அதற்கு அவர்களே பதில் சொல்லும்போது, "ஆபீஸுக்கு வா" என்று நான் சொல்ல வேண்டிய தேவை பாதிக்கு மேல் போய்விடும்.

காரணத்தைத் துருவிக் கேட்காதீர்கள். பிள்ளை, பெற்றோர், உடல்நலம், படிப்பு, கால்பந்து எதுவாகவும் இருக்கட்டும். குழந்தை இருப்பவரின் மாலை நேரம் உசத்தி, கல்யாணமாகாதவரின் மாலை நேரம் காலியானது என்ற நினைப்பு பல அலுவலகங்களில் ஊறிக் கிடக்கிறது. கல்யாணமாகாத ஒருவருக்கே எல்லாப் பண்டிகை ஷிஃப்டும் விழுந்துகொண்டிருந்தால் அவர் சொல்லாமல் கொள்ளாமல் ராஜினாமாக் கடிதத்தோடு வருவார்.

இரண்டாவது: ஆளை விட்டு வேலையைப் பாருங்கள்

யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், ஒவ்வொரு வேலையையும் எழுதி, அது எந்த நேரத்தில் நடந்தாக வேண்டும், எந்த இடத்தில், யாரோடு சேர்ந்து என்று பக்கத்திலேயே குறியுங்கள். பில்லிங்கில் மாத முடிவுக் கணக்கு அடுத்த மாதத்தின் முதல் மூன்று வேலைநாளில் முடிய வேண்டும், அப்போது நான்கு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பாதி நேரத்தில் முடியும். மற்ற நாள்களில் விலைப்பட்டியலைக் காலை 6 மணிக்குப் போட்டாலும் இரவு 8 மணிக்குப் போட்டாலும் ஒன்றுதான். கிடங்கில் வண்டி வரும் நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆனால் திரும்பி வந்த பொருள்களைச் சரிபார்ப்பதற்கு வண்டியோடு சம்பந்தம் இல்லை. போன் டீமுக்கு அரைமணிக்கு எத்தனை அழைப்பு வருகிறது என்ற எண்ணிக்கையை எடுத்துப் பாருங்கள். எல்லோரும் இருந்தாக வேண்டிய நேரம் என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி வெறும் பழக்கம் என்பது தெரியவரும்.

நெகிழ்வு நேரம் பிறந்ததே இந்த மாதிரிக் கணக்கில்தான். 1967இல் மேற்கு ஜெர்மனியில், மியூனிக் அருகே ஓட்டோப்ரனில் இருந்த, பின்னாளில் மெஸ்ஸர்ஷ்மிட்-பெல்கோவ்-ப்ளோம் என்று ஆன விமானத் தொழில் நிறுவனம் இதைப் பெரிய அளவில் தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வந்ததால் வழியெல்லாம் வாகன நெரிசல். நடுவில் எல்லோரும் இருக்க வேண்டிய நேரம் ஒன்று, இரு ஓரங்களிலும் அவரவர் விருப்பத்துக்கு நகர்த்திக்கொள்ளும் நேரம் என்று பிரித்தார்கள். இன்றைக்கும் இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. நடுநேரத்தை எவ்வளவு சின்னதாக வைக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக வையுங்கள், ஆனால் வைத்ததை விட்டுக்கொடுக்காதீர்கள். எல்லா மீட்டிங்கும் அதற்குள் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் மீட்டிங் அதிகம் என்று அர்த்தம்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலு நாளில் பத்துப் பத்து மணிநேரம் வேலை பார்த்து ஐந்தாம் நாள் விடுப்பு என்ற முறை மேசை வேலைக்குச் சரி. போனில் பத்து மணிநேரம் ஒருவரைப் பேச வைப்பது அநியாயம், கிடங்கில் பளு தூக்குபவருக்கு ஆபத்து. ஒரே பதவியை இருவர் பகிர்ந்துகொள்வது அருமையான ஏற்பாடு, இருவரும் ஒருவரை ஒருவர் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டும். சம்பளம் குறையாமல் வாரம் நான்கே நாள் என்ற முறையை 2022இல் பிரிட்டனில் 61 நிறுவனங்கள், சுமார் 2,900 ஊழியர்களோடு ஆறு மாதம் சோதித்தன. சோதனை முடிந்தபோது 56 நிறுவனங்கள் அதைத் தொடர்ந்தன. விருப்பப்பட்டுச் சேர்ந்த நிறுவனங்கள் அவை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே மீட்டிங்குகளைக் குறைத்து, வேலைமுறையைச் சீர்செய்துவிட்டுத்தான் அவர்கள் தொடங்கினார்கள்.

வீட்டுக்கு எடுத்துப்போக முடியாத வேலை

நெகிழ்வு என்றாலே லேப்டாப் வைத்திருப்பவருக்கானது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. இது எனக்கு மனவருத்தம் தரும் விஷயம். மாடியில் இருப்பவர்களுக்கு வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை என்று அறிவித்துவிட்டு, கீழே பெட்டி கட்டுபவர்களுக்கு ஒன்றுமே சொல்லாமல் விட்டால், ஒரே கட்டடத்துக்குள் இரண்டு சாதி உண்டாக்கிவிட்டீர்கள் என்று பொருள்.

கிடங்கில் இருப்பவர் இடத்தை மாற்றிக்கொள்ள முடியாது. ஆனால் அடுத்த வாரம் தனக்கு எப்போது வேலை என்பது அவருக்குத் தெரிய வேண்டும், தேவைப்பட்டால் அதை மாற்றிக்கொள்ளவும் முடிய வேண்டும். இவை இரண்டும் இல்லாத இடத்தில்தான் ஆட்கள் தங்குவதில்லை.

இதற்குக் கடைத் தொழிலாளர்களிடையே நடந்த ஒரு நல்ல சோதனை இருக்கிறது. 2015, 2016 ஆண்டுகளில் அமெரிக்காவின் சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ பகுதிகளில் கேப் (Gap) என்ற நிறுவனத்தின் 28 துணிக்கடைகளில் செய்தார்கள். இரண்டு வாரம் முன்பே ரோஸ்டரை ஒட்டுவது, கூப்பிட்டால் வா என்ற ஆன்கால் ஷிஃப்டை ஒழிப்பது ஆகியவற்றை எல்லாக் கடைகளிலும் செய்தார்கள். தேர்ந்தெடுத்த சில கடைகளில் அதற்கு மேல் ஷிஃப்ட் தொடங்கி முடியும் நேரத்தை நாளுக்கு நாள் மாற்றாமல் வைத்தார்கள், செல்போன் செயலி வழியே ஊழியர்களே ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள விட்டார்கள். அந்தக் கடைகளில் விற்பனை 7 சதவீதமும், உழைப்பு மணிநேரத்துக்கான விற்பனை 5 சதவீதமும் கூடின. கடையில் ஷிஃப்ட் குலைவதற்குப் பெரிய காரணம் வாடிக்கையாளர் இல்லை என்பதும் அதில் தெரியவந்தது. தலைமையகத்திலிருந்து சொன்ன அளவில் சரக்கு வராதது, விற்பனைத் திட்டம் கடைசி நேரத்தில் மாறியது, பெரிய அதிகாரி பார்வையிட வருவது என்று மேலிருந்து வந்தவைதான் அதிகம். உங்கள் இடத்திலும் ஒரு மாதம் எழுதிப் பாருங்கள்: ரோஸ்டர் மாறிய ஒவ்வொரு முறையும் காரணம் என்ன, அது யாரிடமிருந்து வந்தது. அந்தத் தாளை மேலே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஷிஃப்ட் மாற்றத்துக்கு நான் வைத்திருக்கும் விதிகள் எளிமையானவை. மாற்றிக்கொள்ளும் இருவரும் குரூப்பில் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், வாய்வழி செல்லாது. இருவருக்கும் அந்த வேலை தெரிந்திருக்க வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் என்ற பளு தூக்கும் வண்டியை ஓட்டுபவரின் ஷிஃப்டை ஃபோர்க்லிஃப்ட் பயிற்சி பெற்றவர்தான் எடுக்கலாம். ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்தது தொடங்க 11 மணிநேரம் இடைவெளி வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலைநேர நெறிமுறையும் 24 மணிநேரத்துக்குள் தொடர்ச்சியாக 11 மணிநேர ஓய்வு கேட்கிறது. அதை எங்கும் பின்பற்றலாம். இவை மூன்றும் சரியாக இருந்தால் என் அனுமதி தேவையில்லை, எனக்குத் தகவல் போதும். இந்தக் கடைசி வரியைக் கண்டு பல மேலாளர்கள் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். அனுமதி கேட்கும் முறை இருந்தபோது ஆட்கள் மாற்றிக்கொள்வதற்குப் பதில் உடம்பு சரியில்லை என்று சொல்லி வராமல் இருந்தார்கள்.

அப்புறம், மாற்றிக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் வேலை தெரிந்த ஆள் வேண்டும். ஒரு வேலையை ஒருவருக்கு மட்டுமே தெரியும் என்றால் அவருக்கு நெகிழ்வும் கிடையாது, நிம்மதியான லீவும் கிடையாது. ஒவ்வொரு வேலைக்கும் குறைந்தது மூன்று பேரைப் பழக்குங்கள். கற்றுக்கொள்பவருக்குத் திறமை கூடுகிறது என்ற உணர்வும் சேர்ந்தே வரும்.

மூன்றாவது: ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

பேசி முடித்ததை எழுதி, எல்லோரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். நீளமான பாலிசி ஆவணம் எச்.ஆருக்கு இருக்கட்டும். டீமுக்கு இப்படி ஒரு பக்கம் போதும்:

*எல்லோரும் இருக்கும் நேரம்: திங்கள் முதல் வியாழன் வரை காலை 10.30 முதல் மதியம் 1 வரை.*
*தொடங்கும் நேரம்: 7.30க்கும் 10.30க்கும் இடையில் அவரவர் விருப்பம். அடுத்த வார நேரத்தை வியாழன் மாலைக்குள் காலண்டரில் போட வேண்டும்.*
*வீட்டிலிருந்து: வாரம் இரண்டு நாள். மாதத்தின் முதல் மூன்று வேலைநாள் எல்லோரும் ஆபீஸில்.*
*பதில்: சாட்டில் கேட்டதற்கு பணிநேரத்தில் இரண்டு மணிநேரத்துக்குள். மெயிலுக்கு மறுநாளுக்குள். அவசரம் என்றால் போன்.*
*பணிநேரம் முடிந்தபின்: பதில் எதிர்பார்ப்பதில்லை.*
*கிளம்பும்போது: எது முடிந்தது, எது பாக்கி என்று ஹேண்ட்ஓவர் குறிப்பு.*
*மூன்று மாதம் கழித்து எல்லோரும் உட்கார்ந்து மறுபடி பார்ப்போம்.*

இதில் ஐந்தாவது வரியை டீம் லீடர்தான் முதலில் மீறுவார். இரவு 10 மணிக்கு ஒரு மெயில் தட்டிவிட்டு, "அவசரமில்லை, நாளைக்குப் பார்த்தால் போதும்" என்று எழுதுவார். படிக்கிறவர் தூக்கம் அதோடு போயிற்று. பிரான்சில் வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையை 2017 முதலே சட்டமாக்கியிருக்கிறார்கள். நம்மிடம் சட்டம் இருக்கிறதோ இல்லையோ, மெயிலைக் காலை 9 மணிக்குப் போகும்படி நேரம் குறித்து வைக்கும் வசதி பெரும்பாலான மெயில் மென்பொருள்களில் உண்டு. அதைப் பயன்படுத்துங்கள்.

ஹேண்ட்ஓவர் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு பில்லிங்கிலிருந்து ஒன்று: "12 பில் அனுப்பியாச்சு. 2 நிலுவை. ஒன்றுக்கு பர்ச்சேஸ் ஆர்டர் எண் வரணும், கேட்டு மெயில் போட்டிருக்கேன். இன்னொன்றில் பழைய முகவரி இருக்கு, அனுப்பாதீங்க. நாளை நான் 7.30க்கு." நாலு வரி. இது இருந்தால் அவர் கிளம்பிய பிறகு அவருக்கு யாரும் போன் செய்ய வேண்டியதில்லை. சீக்கிரம் கிளம்பும் உரிமை உண்மையாவது இந்த நாலு வரியில்தான்.

எதை அளப்பது

சாட்டில் பச்சைப் புள்ளி எரிகிறதா என்று பார்க்காதீர்கள். மவுஸ் அசைவைக் கண்காணிக்கும் மென்பொருளை வாங்காதீர்கள். அதை வாங்கிய அன்றே 'உங்களை நான் நம்பவில்லை' என்று எல்லோருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். ஒவ்வொருவரோடும் வாரத் தொடக்கத்தில் என்ன முடிய வேண்டும், எந்தத் தரத்தில், எப்போது என்று பேசி வையுங்கள். வெள்ளிக்கிழமை அதை மட்டும் பாருங்கள்.

வீட்டிலிருந்து வேலை பற்றிப் பலரும் மேற்கோள் காட்டும் சோதனை சீனாவின் சிட்ரிப் பயண நிறுவனத்தில் நடந்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பொருளியலாளர் நிக்கோலஸ் ப்ளூமும் உடன் ஆய்வாளர்களும் செய்தார்கள். விருப்பம் தெரிவித்த 249 கால்சென்டர் ஊழியர்களில் ஒரு பகுதியினர் ஒன்பது மாதம் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். வேலையின் அளவு 13 சதவீதம் கூடியது, வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். இதோடு நிறுத்திவிடுகிறார்கள் பலர். மீதியையும் படியுங்கள். சோதனை முடிந்து உங்கள் விருப்பம் என்று விட்டபோது, வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களில் சுமார் பாதிப்பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். தனிமை தாங்கவில்லை. அதோடு, அதே அளவு நன்றாக வேலை செய்தும் பதவி உயர்வு அவர்களுக்குக் குறைவாகவே வந்தது.

பத்தாண்டு கழித்து அதே நிறுவனத்தில், இப்போது ட்ரிப்.காம், 1,612 பேரைக் கொண்டு வாரம் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் அலுவலகம் என்று சோதித்தார்கள். 2024இல் வெளியான முடிவில் விலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வித்தியாசம் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாரத்தில் சில நாள் நேரில் சந்திப்பதன் அருமை தெரியும்.

கண்ணில் படாதவரை மறந்துவிடுவது மேலாளரின் இயல்பு. அதற்கு நான் செய்வது: அப்ரைசலுக்கு முன் ஒவ்வொருவரும் முடித்த வேலையை முதலில் எழுதிவிடுவேன், அதற்குப் பிறகுதான் மதிப்பெண். எழுத ஒன்றும் தோன்றாதவர் பெயர் வந்தால், அவர் வேலை செய்யவில்லையா, நான் பார்க்கவில்லையா என்று கேட்டுக்கொள்வேன். புதிதாகச் சேர்ந்தவர்களை மட்டும் முதல் சில மாதங்கள் அனுபவசாலி பக்கத்திலேயே உட்கார வைப்பேன். பக்கத்து இருக்கையில் இருப்பவர் கோபக்கார வாடிக்கையாளரை எப்படிச் சமாளிக்கிறார் என்பதைக் காதில் வாங்கிக் கற்பதற்கு ஈடாக எந்த வீடியோ பயிற்சியும் இல்லை. இதைக் கட்டுப்பாடாகச் சொல்லாமல் காரணத்தோடு சொல்லுங்கள், ஏற்றுக்கொள்வார்கள்.

பரிசாகக் கொடுக்காதீர்கள்

"டார்கெட் முடித்தவர்களுக்கு வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து வேலை." கேட்க நன்றாக இருக்கும். செய்யாதீர்கள். டெசி 1971இல் வெளியிட்ட சோதனையில், புதிர் விளையாட்டை ஆசையாகச் செய்துகொண்டிருந்த மாணவர்களில் சிலருக்குக் காசு கொடுத்தார். காசு நின்றதும் அவர்கள் ஓய்வு நேரத்தில் அதைத் தொடுவது குறைந்தது. நெகிழ்வைப் பரிசாக்கினால் வேலை என்பது பரிசுக்குக் கொடுக்கும் விலையாகிவிடும். அதோடு, நெகிழ்வு மிகவும் தேவைப்படுகிற ஆள் பெரும்பாலும் அந்த மாதம் டார்கெட்டைத் தொட முடியாமல் திணறும் ஆள்தான். அவரிடமிருந்து அதைப் பறிப்பது காய்ச்சல்காரரிடமிருந்து போர்வையை உருவுவது மாதிரி.

உற்சாகத்துக்கு வேறு இடத்தில் கை வைக்க வேண்டும். போன் டீமில் ஒரு குறிப்பிட்ட தொகை வரை பணத்தைத் திருப்பித் தர மேலே கேட்காமல் முடிவெடுக்கலாம் என்று விட்டோம். அதுவரை "கேட்டுச் சொல்றேங்க" என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், "உங்க பணம் இன்னைக்கே கிளம்பிடும்" என்று சொல்லத் தொடங்கினார்கள். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவர்கள் குரல் மாறியதை என் மேசையிலிருந்தே கேட்டேன். கிடங்கில், உடைந்து திரும்பி வந்த பொருள்களின் எண்ணிக்கையை வாரம் ஒருமுறை பெட்டி கட்டுபவர்களுக்கே காட்டினோம். ஒருவர் கண்ணாடிச் சாமான்களை மூலையில் முட்டுக் கொடுத்துக் கட்டும் முறை ஒன்றை அவராகவே கண்டுபிடித்தார். மற்றவர்களுக்கும் அவரையே சொல்லிக்கொடுக்க வைத்தோம், எந்தப் பரிசும் இல்லாமல். பாராட்டும்போது "சூப்பர் வேலை" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். "மூலையில் முட்டு வைத்தீங்களே, அதனாலதான் இந்த வாரம் கண்ணாடி எதுவும் உடையல" என்று சொல்லுங்கள். அதைச் செய்த அன்றே சொல்லுங்கள்.

முடியாது என்று சொல்ல வேண்டி வந்தால்

வரும். எல்லாக் கோரிக்கையையும் ஏற்க முடியாது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நெகிழ்வான பணியைக் கேட்கும் உரிமை உண்டு. முதலாளி இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், மறுப்பதற்கு முன் ஊழியரோடு கலந்து பேச வேண்டும், மறுத்தால் சட்டத்தில் சொன்ன வணிகக் காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். வேறு நாட்டில் இருப்பவர்களும் இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: காலக்கெடு, பேச்சு, காரணம். "பார்க்கலாம்" என்று சொல்லி இழுத்தடிப்பதுதான் எல்லாவற்றையும்விட ஆட்களை நோகடிக்கிறது.

நான் முடியாது என்று சொல்லும்போது எது தடை என்பதையும், அது எப்போது நீங்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். "திங்கட்கிழமை காலை அழைப்பு அதிகம், அப்போது ஆள் குறைக்க முடியாது. புதன், வியாழன் எடுத்துக்கிறீங்களா? புது ஆள் பழகினதும் திங்களைப் பற்றி மறுபடி பேசலாம், அடுத்த மாதம் 15ஆம் தேதி." அந்தத் தேதியை அவர் முன்னாலேயே காலண்டரில் போடுவேன்.

மூன்று மாதம் கழித்து

சோதனை முடிகிற நாளில் எல்லோரையும் கூட்டுங்கள். வேலை தாமதமானதா, பிழை கூடியதா, லீவு குறைந்ததா, யாராவது விலகினார்களா என்று எண்களை முதலில் மேசையில் வையுங்கள். ஏதாவது சரியில்லை என்றால் ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். முழு ஏற்பாட்டையும் ரத்து செய்துவிட்டால் அடுத்த முறை உங்கள் வார்த்தையை யாரும் நம்ப மாட்டார்கள்.

பிறகு, நெகிழ்வு நேரம் எடுத்துக்கொள்ளாதவர்களிடம் தனியாகப் பேசுங்கள். மற்றவர் சீக்கிரம் கிளம்பிய பிறகு வந்த போனை எடுத்தவர் யார், வெள்ளிக்கிழமை மாலை கடைசியாக விளக்கை அணைத்தவர் யார் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அப்படி ஒருவர் பெயரே திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த ரோஸ்டரில் முதல் கட்டத்தை அவரிடம் கொடுத்து, அவருக்கு வேண்டிய நேரத்தை முதலில் எழுதச் சொல்லுங்கள்.